ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம் கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் செய்யவில்லை

பாயான் லெப்பாஸ்காரி:

வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீசியனாக இருக்கிறேன். சர்க்யூட் பலகைகளில் பாகங்களைப் பொருத்தும் லைன் என்னுடையது. ஏழு மணிக்கு ஏழு மணி, இரண்டு ஷிப்ட். இயந்திரம் நின்றால் சரிசெய்ய எனக்குத் தெரியும். மனிதர்கள் விஷயத்தில் தெரியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முதலில் பிரச்சினை. பாகங்களைப் பலகையில் பற்றவைக்க நாங்கள் பயன்படுத்தும் உலோகப் பசையான சால்டர் பேஸ்ட் குளிர்பெட்டியில் பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும். வெளியே எடுத்தால் மூடியைத் திறக்காமல் சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு வர விட வேண்டும். குளிரோடு திறந்தால் காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்துவிடும். காலையில் நான் வரும்போது மேசையில் டப்பாக்கள் நிற்கும். எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? தெரியாது. எடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ரீல்கள், அதாவது சில்லுகள் வரும் நாடாச் சுருள்கள், அவற்றின் கதை இன்னும் மோசம். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் சில்லுகள் ஈரத்துக்கு அஞ்சும் வகையில் மூன்றாம் நிலை. உறையைப் பிரித்தால் 30 டிகிரிக்கும் 60 விழுக்காடு ஈரப்பதத்துக்கும் மேற்போகாத இடத்தில் 168 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பிரித்த நேரத்தை எழுத உறையிலேயே கட்டம் போட்டிருக்கிறது. அது பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். நேரம் தெரியாத ரீலை அப்படியே போட முடியாது. சூட்டில் காயவைக்க வேண்டும், மணிக்கணக்கில். காயவைக்காமல் போட்டால் ஓவனில் 240 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லைப் பிளந்துவிடும்.

என் யோசனை மிகச் சிறியது. போகிறவரும் வருகிறவரும் பத்து நிமிடம் சேர்ந்து லைனை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு தாளை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது. ஏழு மணிக் கூட்டத்தில் நின்றபடியே விளக்கினேன். சூப்பர்வைசர் நல்லது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தாள்களைப் பலகையில் தொங்கவிட்டேன். இன்றுவரை தொங்குகின்றன.

எங்கள் லைனில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்யும் மலாய் அக்கா ஒருவர் இருக்கிறார். கக்காக் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேன்டீனில் என்னிடம் வேறு பக்கம் பார்த்தபடி, “எழுதினால் நாளைக்கு என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்” என்றார். நேப்பாளத் தம்பிகள் சிரித்த முகத்தோடு சரி என்கிறார்கள், அதோடு சரி. லைன் லீடர் சீனர். மேலிருந்து மெமோ வந்தால் செய்வதாகச் சொல்கிறார்.

மெமோ வேண்டாம் என்று நினைக்கிறேன். மெமோ போட்டு வந்த தாள்களைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் முப்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரம்பியிருக்கும். மெமோ இல்லாமல் இவர்களை எப்படி என் பக்கம் கொண்டுவருவது?

பிறைப் பெரியவர்:

தங்கச்சி, ஒரே ஒரு கேள்வி. உங்கள் தொழிற்சாலை பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது?

நான் பெருநிலத்தில் உள்ள பிறையிலும் பினாங்குத் தீவிலும் லைன் லீடராக இருந்து ஓய்வுபெற்றவன். பாலம் 1985-இல் திறப்பதற்கு முன், பட்டர்வொர்த்தில் ஃபெரிப் படகு ஏறி வேலைக்குப் போன தலைமுறை. இந்த ஊரில் தொழிற்சாலைக் கடிகாரம் சுவரில் இல்லை, பஸ்ஸில்தான் இருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்தவர் ரேகை வைத்து, அங்கியைக் கழற்றி, காலணி மாற்றி, பையைக் காவலாளியிடம் காட்டி வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்று நடந்து பார்த்திருக்கிறீர்களா? சுங்கை பட்டாணி பஸ்ஸைத் தவறவிட்டவர் சொந்தக் காசில் வாடகைக் கார் பிடித்துப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அன்றைய சம்பளத்தில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும். நீங்கள் கேட்டது பத்து நிமிடம் என்று நினைக்கிறீர்கள். அவர் காதில் விழுந்தது பஸ்.

மறுபக்கம், காலையில் வருகிறவர்களும் பெருநிலத்திலிருந்துதான் வருகிறார்கள். ஆறரைக்குப் பாலத்தில் தீவை நோக்கி ஊர்கிற கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. பஸ் வாசலில் நிற்கும்போதே ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும். ஆகப் போகிறவர் ஓடுகிறார், வருகிறவர் ஓடிவருகிறார். இந்த இருவரையும் நிறுத்தி எந்தப் பத்து நிமிடத்தைக் கேட்கிறீர்கள்?

கூட்டத்தில் தலையாட்டியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நின்றபடி நடக்கும் ஏழு மணிக் கூட்டத்தில் ஆட்சேபம் சொல்பவர், கூட்டத்தை நீட்டியதற்காக அத்தனை பேரின் முறைப்பையும் வாங்குவார். யார் வாய் திறப்பார்கள்? அங்கே கேட்டால் சரி என்ற பதிலைத் தவிர வேறு வராது.

என் பழக்கம் வேறு. எதைக் கொண்டுவர நினைத்தாலும் முதலில் அதை அதிகம் வெறுக்கப்போகிற ஆளிடம் தனியாகப் போவேன். பேக்கிங் பகுதியில் மேசைகளைத் திருப்பிப் போட நினைத்தபோது, அங்கே ஒரு அம்மா இருந்தார், யாருக்கும் அடங்கமாட்டார். அவரிடம் யோசனையைச் சொல்லவே இல்லை. “இந்த மேசையில் உங்களுக்கு எது தொல்லை?” என்று மட்டும் கேட்டேன். அரைமணி நேரம் கொட்டினார். அதில் பாதி என் யோசனையிலேயே இருந்தது. மீதி என் மூளைக்கு எட்டாதது. அந்த மீதியையும் சேர்த்து வரைந்து அவரிடமே காட்டினேன். பிறகு மேசையைத் திருப்பச் சொல்லி மற்றவர்களை விரட்டியவர் அவர்தான்.

உங்கள் கக்காக்கிடம் போங்கள். தாளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தாளில் பெயர், கையெழுத்துக் கட்டம் இருந்தால் அதைக் கிழித்துவிடுங்கள். அவர் பயப்படுவது அதற்குத்தான்.

சம்பளக் கணக்கர்:

பெரியவர் சொன்ன பஸ் விஷயம் சரி. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே!

1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு முன் 48. குறித்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்குள் உள்ளவர்களுக்கு ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒருநாள் கூலி. உதாரணத்துக்கு 2,080 ரிங்கிட் வாங்குபவருக்கு நாள் கூலி 80. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 10, ஓவர்டைமில் 15. உங்கள் பத்து நிமிடம் ஒரு ஆளுக்கு 2 ரிங்கிட் 50 சென்.

லைனில் எட்டுப் பேர் என்றால் ஒரு ஷிப்ட் மாற்றத்துக்கு 20 ரிங்கிட். நாளுக்கு இரண்டு முறை, முப்பது நாள்: 1,200. இதை மேலாளரிடம் கொண்டுபோனால் முகம் சுளிப்பார். எட்டுப் பேரும் எதற்கு? பேஸ்ட்டையும் ரீலையும் தொடுகிற ஆள் ஒருவர் நின்றால் போதாதா? அப்போது மாதம் 150 ரிங்கிட். நேரம் தெரியாமல் காயவைக்கப் போகும் ரீல்களால் லைன் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று நீங்கள்தான் குறித்து வைத்திருப்பீர்கள். இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

இலவசமாக நில் என்று கேட்டு ஆதரவு தேடுவதை நான் ஏற்கமாட்டேன். யோசனை எவ்வளவு நல்லதானாலும்.

செந்தூல் தாதி:

கோலாலம்பூரில் மருத்துவமனைத் தாதி நான். எங்கள் வேலையில் ஷிப்ட் ஒப்படைப்பு இல்லாமல் ஒருநாளும் விடியாது. காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது. கட்டில் கட்டிலாக நடந்துதான் ஒப்படைப்போம்.

கையெழுத்தைக் கிழிக்கச் சொல்வதில் பெரியவரோடு எனக்கு உடன்பாடில்லை. மருந்து கொடுத்தேன் என்று நேரத்தோடு நான் போட்ட கையெழுத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது. எழுதாதவர்தான் மாட்டிக்கொள்வார். ஆனால் கக்காக்கின் பயம் பொய்யல்ல. அது தாளைப் பற்றிய பயமே இல்லை. முன்பு ஏதோ ஒரு தாளை வைத்து யாரையோ திட்டியிருப்பார்கள். அதைக் கேட்டறியுங்கள்.

நான் செய்வதாக இருந்தால் இரண்டாகப் பிரிப்பேன். பொருளைப் பற்றிய தகவலுக்கு, அதாவது எப்போது எடுத்தது, எப்போது பிரித்தது என்பதற்கு, கையெழுத்து இருக்கட்டும். அதில் குற்றம் ஏதுமில்லை, வெறும் நேரம்தானே. இயந்திரக் கோளாறு, தவறிப்போனது போன்றவற்றுக்குப் பெயரே வேண்டாம். எங்கள் வார்டில் மூத்த தாதி கண்டிப்பானவர். ஒப்படைப்பு நேரத்தில் “யார் செய்தது” என்ற கேள்வியை யாரையும் கேட்க விடமாட்டார். பிறகு அறைக்குள் கூப்பிட்டுக் கேட்பார், அது தனிக்கதை.

இன்னொன்று. உங்கள் தாளில் எத்தனை கட்டம்? எந்த மொழியில்?

பிறைப் பெரியவர்:

தாதி சொல்வது நியாயம். பேஸ்ட்டுக்கும் ரீலுக்கும் கையெழுத்து இருக்கட்டும். கோளாறுக்கு மட்டும் கிழித்துவிடுங்கள்.

பாயான் லெப்பாஸ்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பஸ் 7.20. நடந்து பார்த்தேன் ஐயா. லாக்கர் வரிசையில் கூட்டம் இருந்தால் பதினைந்து நிமிடம் அதிலேயே போகிறது. நான் தீவிலேயே குடியிருப்பவள், மோட்டார் சைக்கிளில் வருகிறேன். பஸ் என் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

தாதி அக்கா, தாளில் பதினான்கு கட்டம், எல்லாம் ஆங்கிலத்தில். கேள்வியைப் படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

கக்காக்கிடம் போனேன், வெறுங்கையோடு. அவர் இந்த வாரம் இரவு ஷிப்ட். அதிகாலை மூன்று மணி இடைவேளைக்கு நானும் போய் உட்கார்ந்தேன். மாலை ஏழு மணிக்கு வந்ததும் எது எரிச்சல் என்று கேட்டேன். ரீல் வண்டி என்றார். பகல் ஆட்கள் வண்டியை எங்கே விட்டுப்போகிறார்கள் என்று தேடுவதிலேயே முதல் கால்மணி நேரம் போகிறதாம். பகல் ஆட்கள் என்றால் நாங்கள்தான். அதுபற்றி ஒரு வார்த்தை யாரும் எங்களிடம் சொன்னதில்லை, கூட்டத்திலும் வந்ததில்லை.

திட்டு வாங்கிய கதையும் வந்தது. பழைய சூப்பர்வைசர் ஒருவர், கோளாறுப் பதிவேட்டில் யார் கையெழுத்து அதிகமோ அவர்தான் கோளாறுக்குக் காரணம் என்று கணக்கிட்டாராம். ஒழுங்காக எழுதியவர் கக்காக். ஆகவே அவர் பெயர்தான் அதிகம். போனஸ் குறைந்தது. அதைக் கேட்ட பிறகு என் தாளைப் பற்றி அவரிடம் பேசவே எனக்கு வாய் வரவில்லை.

பேஸ்ட் விஷயத்தை அவரே எடுத்தார். கிளினிக் கதவில் டாக்டர் திரும்பும் நேரம் காட்ட அட்டைக் கடிகாரம் தொங்குமே, அதுபோல ஒன்றை டப்பாவில் மாட்டிவிடு, திறக்கலாம் என்ற நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்துவிடுகிறேன் என்றார். எழுத வேண்டியதில்லை, மொழியும் தேவையில்லை. நேப்பாளத் தம்பி ஒருவர் பக்கத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு புரிந்ததோ என்னவோ, மறுநாளே அட்டையில் மூன்று வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ரீல் உறைக்குப் பேனா. அவ்வளவுதான். பேனா எங்கேயும் இல்லாததால்தான் கட்டம் வெள்ளையாக இருந்ததாம். இப்போது வண்டியிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வண்டிக்கும் தரையில் மஞ்சள் நாடா ஒட்டி இடம் குறித்திருக்கிறோம்.

சுற்றி நடப்பது இன்னும் தொடங்கவில்லை. போகிறவர் ஆறரைக்கே தனியாகச் சுற்றிவந்து பலகையில் குறித்துவிட்டால், ஏழு மணிக்கு ஒரே ஆள் ஐந்து நிமிடம் நின்று காட்டினால் போதும் என்று கக்காக் நினைக்கிறார். கணக்கர் கொடுத்த கணக்கை அதற்கேற்பப் பாதியாக்கி லைன் லீடரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, மாதம் 75 ரிங்கிட்டுக்கு மெமோ தேவையில்லை, தானே ஓவர்டைம் தாளில் போட்டுக்கொள்கிறேன் என்றார்! மெமோ கேட்ட அதே மனிதர்.

இப்போது ஒரு சிறு சிக்கல். எங்கள் தொழிற்சாலையில் யோசனைப் படிவம் உண்டு. தேர்வானால் ஒரு சின்னப் பரிசும் உண்டு. சூப்பர்வைசர் அதை என் பெயரில் நிரப்பச் சொல்கிறார். கடிகாரம் கக்காக்குடையது. ஆனால் பழைய பதிவேட்டுக்குப் பிறகு அவர் எந்தத் தாளிலும் பெயர் வர விரும்பமாட்டார் என்று தோன்றுகிறது. என் பெயரை மட்டும் போட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

சம்பளக் கணக்கர்:

என்ன நினைப்பார்கள் என்று சந்தேகமா? அவர்கள் மூளையை வைத்துப் பரிசு வாங்கினாள் என்பார்கள். சரியாகவும் சொல்வார்கள். அடுத்த முறை நீங்கள் மூன்று மணி இடைவேளைக்குப் போனால் மேசை காலியாகிவிடும்.

பிறைப் பெரியவர்:

கக்காக்கிடமே கேளுங்கள், தங்கச்சி. அவருக்குப் பதில் நீங்கள் பயப்பட வேண்டாம். குற்றம் எழுதும் தாளுக்கும் பரிசுத் தாளுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்றால் ‘இரவு ஷிப்ட், மூன்றாவது லைன்’ என்று எழுதிக் கொடுங்கள். பரிசு வந்தால் இரு ஷிப்ட்டுக்கும் கேன்டீனில் பசியாற வாங்கிவிடலாம். அந்த நேப்பாளத் தம்பியின் பெயரை மட்டும் மறக்க வேண்டாம். அட்டை வெட்டியது அவர்.

பாயான் லெப்பாஸ்காரி:

கேட்டேன். படிவத்தை வாங்கி, கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் படித்தார். பிறகு தன் பெயரை முதலில் எழுதி, அடுத்து என்னுடையது, மூன்றாவதாகத் தம்பியுடையது என்று மூவரையும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கி எழுதிக் கொடுத்துவிட்டார். தம்பியின் பெயரில் ஒரு எழுத்து தவறு. நாளை திருத்தித் தர வேண்டும்.