பூட்டன் எதுக்கு ஓட்டுப் போட்டாரு?

குழு: ஆத்துமேட்டுத் தோட்டம்

கவின்: பெரியப்பா, 1946-ல அரசியல் நிர்ணய சபைக்கு, அதான் நம்ம அரசியல் சட்டத்த எழுதுன சபைக்கு, பூட்டன் ஓட்டுப் போட்டாருன்னு ஆத்தா சொல்லுது. பொஸ்தகத்துல வேற மாதிரி இருக்குதுங்க.

பெரியப்பா: அப்பாரு போட்டது மாகாண சட்டசபைக்குக் கண்ணு. சொத்து, வரி, படிப்புன்னு ஏதாச்சும் இருந்தாத்தான் அன்னைக்கு ஓட்டு. அப்பாரு தீர்வை கட்டுனாரு, பேரு இருந்துச்சு. பண்ணயத்துல இருந்தவங்களுக்கு ஏது?

பெரியப்பா: அதுல செயிச்சவங்கதான் நிர்ணய சபைக்கு ஆள் போட்டாங்க, பத்து லட்சம் சனத்துக்கு ஒருத்தர்னு. நம்ம பால் சொசைட்டில நாம டைரக்டரப் போடறோம், அவங்க தலைவரப் போடறாங்கல்ல, அதாட்டத்தான்.

கோகிலா அத்தை: நம்ம பக்கத்துல ஆராச்சும் போனாங்களாண்ணா?

பெரியப்பா: ஏன் இல்லாம? செங்குட்டைப்பாளையத்து சி.சுப்பிரமணியம், குமாரமங்கலம் சுப்பராயன், கோயமுத்தூரு டி.ஏ.ராமலிங்கம் செட்டியாரு. இந்தி விவாதத்துல தெக்கத்திக்காரங்க மனக்கொறயை எந்திரிச்சுச் சொன்னாரே, அந்தச் செட்டியாருதான்.

செந்தில் மாமா: எல்லாத்துக்கும் ஓட்டில்லாம வந்தவங்க எழுதுனது எப்படிங்க மச்சான் சனம் எழுதுனதாகும்? நேபாளத்துல 2008-ல இதே மாதிரி சபைக்குச் சனமே நேரா ஓட்டுப் போட்டுது.

கவின்: 601 பேரு இருந்தும் முடிக்க முடியலீங்க மாமா. 2012-ல சபையே கலைஞ்சுது. 2013-ல மறுக்கா எலக்சன், அரசியல் சட்டம் வந்தது 2015-ல.

செந்தில் மாமா: லேட்டானா ஆவட்டுமே. 335 பேர கட்சிக்கு விழுந்த ஓட்டுக் கணக்குல எடுத்தாங்க. மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க வந்தாங்க. நம்ம சபைல எத்தனை பேரு?

கவின்: 15 பேருங்க.

கோகிலா அத்தை: அவ்வளவுதானா! இதுக்கா இத்தனை பெருமை பேசறீங்க?

பெரியப்பா: மாப்ள கேக்கறது ஞாயந்தான். ஆனா 21 வயசான அத்தனை பேருக்கும் ஓட்டுன்னு எழுதுனதும் அதே சபைதானுங்களே. நடுவுல படிப்பு வேணும், சொத்து வேணும்னு ஒரு வேலி போட்டிருந்தா ஆரு கேட்டிருப்பா?

செந்தில் மாமா: குடுத்தாங்க, சரி. எழுதி முடிச்சதச் சனத்துகிட்ட வெச்சு ஒருவாட்டி ஓட்டுக் கேட்டிருக்கலாமில்லீங்க?

பெரியப்பா: கேட்டிருக்கலாம். அதுக்கு எங்கிட்ட பதிலில்ல மாப்ள.

ஆத்தா (குரல் பதிவு): பூட்டன் போட்டாரு, பூட்டன் போட்டாருங்கறீங்களே, எம் மாமியா போட்டுச்சான்னு ஒருத்தருங் கேக்கல. அது மொதமொத போட்டது 52-லதான். ஆளுக்கொரு பொட்டி வெச்சிருந்தாங்களாமா. மாமனாரு ரெட்டைக் காளைப் பொட்டில, அதான் காங்கிரசுப் பொட்டில, போடுன்னாராமா. எதுல போட்டுதுன்னு சாவற வரைக்கும் சொல்லல.