மீன் வளம் 91.1 சதவீதம் நலம் என்றால் சாளை எங்கே போயிற்று?

குளச்சல்காரன்:
கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு 135 மீன் இருப்புகளை (ஒரு கடல் பகுதியில் வாழும் ஓர் இன மீன்கள் மொத்தமும் ஓர் இருப்பு) மதிப்பிட்டு, அவற்றில் 91.1 சதவீதம் ஆரோக்கியமாக இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் கேரளத்தில் பிடிபட்ட சாளை (அங்கே மத்தி) வெறும் 3,297 டன். 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன். இரண்டும் அதே நிறுவனத்தின் கணக்குகள்தான். நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாத மீனை வைத்துக்கொண்டு கடல் நலம் என்கிறார்கள். முப்பது வருடம் வள்ளம் வைத்திருந்தவன் கேட்கிறேன்: எதை வைத்து அளந்தார்கள்?

செவிக்கல்:
ஐயா, பிடிபட்டது வேறு, கடலில் இருப்பது வேறு. சாளை இரண்டு மூன்று வருடம் வாழும் மீன். ஒரு மழைக்காலத்தில் சினை பிழைக்காவிட்டால் அடுத்த பருவம் வெறுங்கூடைதான். 1994இலும் இப்படித்தான் விழுந்தது, பிறகு எழுந்தது. 2015இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வு, நம் கடலையும் சூடாக்கியது. மீன் கரையை விட்டுப் போயிற்று. 2023இல் கேரளத்தில் மறுபடியும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டிவிட்டதே! இறந்த மீனா திரும்பி வந்தது?

குளச்சல்காரன்:
பழியை எல் நினோ மேல் போட்டுவிட்டால் யாருக்கும் வேலை இல்லை. எல்லாம் கடலின் செயல் என்றால், 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக்கூடாது என்று கேரள அரசு ஏன் சட்டம் போட்டது? விரல் நீளக் குஞ்சுகளை அள்ளி மீன்மாவு ஆலைக்கு லாரி லாரியாக அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தவன்.

செவிக்கல்:
குஞ்சு பிடித்ததை நான் மறுக்கவில்லை, அந்த நிறுவனமும் மறுக்கவில்லை. எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டீர்கள். படிக்கும் காலத்தில் நானே அளந்திருக்கிறேன். விடியுமுன் ஏலக்கூடத்தில் நிற்கவேண்டும். ஏலக்காரர் கூவி முடிப்பதற்குள் கூடையிலிருந்து ஐம்பது மீன் எடுத்து, அளவுப் பலகையில் மூக்கை முட்டவைத்து, வால் நுனி வரை நீளம் குறிக்கவேண்டும். சிலவற்றின் வயிற்றைக் கீறிச் சினை முற்றியதா என்று பார்க்கவேண்டும். மீன் வாங்க வந்த அம்மாக்களின் திட்டு தனி. குளிர்நாட்டு மீனின் செவிக்கல்லில், அதாவது காதுக்குள் இருக்கும் சிறு கல்லில், மரத்தைப் போல ஆண்டு வளையம் தெரியும், வயதை எண்ணிவிடலாம். நம் கடலில் குளிர்காலமே இல்லை, வளையம் மங்கல். அதனால் நீளத்தை வைத்து வயதையும், வயதை வைத்து எத்தனை சாகிறது என்பதையும் கணக்கிடுகிறோம். இதோடு ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு பாடு (பிடிபட்ட மீன்) என்பதையும் சேர்க்கிறோம்.

வடகடல்:
கடைசி வரியில்தான் ஆபத்து இருக்கிறது, தம்பி. நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே நியூஃபவுண்ட்லாந்தில் எண்பதுகளில் காட் மீனுக்கு அதே கணக்கைத்தான் நம்பினார்கள். பெரிய இழுவைக் கப்பல்கள் மீன் திரண்ட இடத்தையே தேடிப்போய் அள்ளின. மணிக்கு இத்தனை டன் என்ற எண் குறையவே இல்லை. மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று கரையோரச் சிறுபடகுக்காரர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. 1992 ஜூலை 2ஆம் தேதி காட் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். அந்தத் தடையை நீக்க 2024 ஆயிற்று.

குளச்சல்காரன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்ல வரவில்லை. சாளையும் கூட்டமாகத் திரளும் மீன். ஒரு வள்ளக்காரன் கண்ணில் கூட்டம் பட்டால் கைப்பேசியில் பத்து வள்ளம் வந்துவிடும். எல்லாருக்கும் கூடை நிறையும். கடலில் நூறு கூட்டம் இருந்தாலும் ஒரே கூட்டம் இருந்தாலும் என் கூடை ஒன்றுபோலத்தான் நிறையும். அன்று ஏலக்கூடத்தில் நீங்கள் பலகையோடு நின்றால் என்ன எழுதுவீர்கள்?

செவிக்கல்:
நல்ல பாடு என்றுதான் எழுதுவேன். ஒப்புக்கொள்கிறேன். கடலில் இருந்த மணிநேரம் எங்கள் படிவத்தில் இருக்கிறது, கைப்பேசி இல்லை. ஏலத்துக்கே வராமல் நேரே லாரிக்குப் போகும் குஞ்சும் என் பலகைக்கு வராது. ஆனால் 91.1 என்பது சாளையின் மதிப்பெண் அல்ல. 135 இருப்புகளில் எத்தனை தேறின என்ற எண். ஒரு பிள்ளை தோற்றதால் வகுப்பே தோற்றது என்பீர்களா?

குளச்சல்காரன்:
அந்த ஒரு பிள்ளையை நம்பித்தான் எங்கள் தெருவே சாப்பிட்டது, தம்பி.

செவிக்கல்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா. ஒன்று கேட்கிறேன். எவ்வளவு தூரம் போனீர்கள், எத்தனை கூடை வந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

குளச்சல்காரன்:
பாடு எழுதும் பழக்கம் இல்லை. மண்ணெண்ணெய்க் கணக்கு நோட்டு இருக்கிறது, 1996 முதல். மழையில் நனைந்து ஒட்டிய பக்கங்கள் போக மிச்சத்தை வந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒரு கேனில் போய் வந்தோம். கடைசி வருடங்களில் நான்கு.