ஏசி வேலைக்கு என்.வி.கியூ: செலவை எப்படிக் குறைப்பது?

குளிர்க்காற்று:
கொழும்பு கிராண்ட்பாஸில் ஏசி திருத்தும் கடை, எட்டுப் பேர். வேலை அத்துப்படி, ஆனால் ஒருவரிடமும் என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ்) இல்லை. ஹோட்டல் ஒப்பந்தங்களுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். பயிற்சிக்கு அரச உதவி எடுக்கலாமா?

நாரஹேன்பிட்டிக்காரர்:
வேலை தெரிந்தவர்களைத் திரும்ப வகுப்பில் இருத்துவது வீண். முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல் வழியில் போங்கள். மதிப்பீட்டுக்கு மட்டும்தான் செலவு. தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபையான நைட்டாவில் விசாரியுங்கள். தேர்ச்சித் தரத்தின் ஒவ்வோர் அலகுக்கும் சான்று வேண்டும்: கடைக் கடிதம், ஜொப் கார்ட் (வேலைப் பதிவு அட்டை), வேலை செய்யும்போது முகம் தெரிய எடுத்த படம். பலரும் இடறுவது இங்கேதான். பொருத்தி முடித்த யூனிட்டை மட்டும் படமெடுத்தால், யார் பொருத்தினார் என்று மதிப்பீட்டாளருக்கு எப்படித் தெரியும்? பிரேஸிங் (குழாய்களை உருக்கி ஒட்டுவது), நைதரசன் அழுத்தச் சோதனை, வாக்குவம் (குழாய்க் காற்றை உறிஞ்சி எடுப்பது), கேஸ் நிரப்புவது எனப் படிப்படியாக எடுங்கள். தமிழில் மதிப்பீடு வேண்டுமென்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள், பிறகு கேட்டால் இழுபடும்.

மட்டக்குளி மேசன்:
புதுப் பெடியன்களுக்கு நைட்டா பயிலுநர் ஒப்பந்தம் நல்லது. ஒப்பந்தத்தைப் பதியாமல் வேலைக்கு எடுத்தால் அது பயிலுநர் காலமாகக் கணக்கில் வராது. தனியார் நிலையத்துக்குக் காசு கட்டுமுன் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, அந்தப் பாடநெறிக்குத் தரச்சான்று உண்டா என்று தனித்தனியே பாருங்கள். பதிவு மட்டும் இருந்தால் என்.வி.கியூ கிடைக்காது.

குளிர்க்காற்று:
மூன்று பேருக்கு எழுத்துவேலை சரிவராது.

நாரஹேன்பிட்டிக்காரர்:
சான்றுக் கோவையைத் தொகுக்கக் கடை உதவலாம். செய்முறையிலும் வாய்மொழிக் கேள்வியிலும் அவர்கள்தான் நிற்க வேண்டும்.