சாவி திருகினால் "டக்", அதோடு சரி: பழைய புல்லு வண்டியின் செல்ஃப் கோளாறு, என் அனுபவம்

ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மரத்துக்கு மரம் 25 அடி. ஆடி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்து இறங்கும். கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் புல் முழங்காலைத் தொட்டுவிடும். விழுந்த தேங்காய் கண்ணுக்குத் தெரியாது, பாம்பு பயம் வேறு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மில்லின் விருந்தினர் விடுதியில் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். உட்கார்ந்து ஓட்டுகிற ரைடிங் மோவர் ஒன்றை அங்கே எடுத்தேன். 17 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். தோட்டத்தில் எல்லோருக்கும் அது 'புல்லு வண்டி'. இன்றைக்கு வரைக்கும் அது மூன்று முறை ஸ்டார்ட் ஆகாமல் நின்றிருக்கிறது. மூன்றும் வேறு வேறு கோளாறு. முதல் முறை தேவையில்லாமல் காசைக் கொட்டினேன், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதல் முறை, இரண்டாவது வருட ஆடி மாதம். வெள்ளெனவே தோட்டத்திலிருந்து போன் வந்தது. "ஏனுங்ணா, செல்பு அடிக்க மாட்டேங்குதுங்க. டக்குங்குது, அத்தோட நின்னுக்குது." பேட்டரிதான் போச்சு என்று நானே முடிவு கட்டிப் புதுசு வாங்கிப் போட்டேன். அதே டக். சொலினாய்டாக (சாவி திருகியதும் பேட்டரி கரண்டைச் செல்ஃப் மோட்டாருக்குச் சேர்த்துவிடுகிற காந்த சுவிட்ச்) இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார், அதையும் மாற்றினேன். அதே டக். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, பேட்டரியில் நேராக வயர் வைத்துப் பார்த்தால் நன்றாகவே சுற்றுகிறது. மாட்டினால் சுற்றாது. இரண்டு பொருளுக்குக் காசு போனதுதான் மிச்சம்.

பக்கத்துத் தோட்டத்து மாமா மோட்டார் ரீவைண்டிங் வேலை செய்தவர். பொழுதோட வந்து பார்த்தார். "மாப்ளே, மீட்டர் இருந்தா கொண்டா. வண்டி சும்மா நிக்கறப்ப அளக்கறதுல ஒண்ணுமில்லே, சாவியத் திருகிப் புடிச்சிட்டிருக்கறப்ப அளக்கோணும்" என்றார். பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார், நான் சாவியைத் திருகினேன். 12.7 இருந்தது 12.2 ஆனது, அவ்வளவுதான். செல்ஃப் மோட்டார் உண்மையிலேயே இழுத்திருந்தால் இன்னும் நன்றாக இறங்கியிருக்க வேண்டுமாம். இறங்கவில்லை என்றால் பேட்டரி கொடுக்கத் தயாராக நிற்கிறது, வழியில்தான் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் மேல் வைத்தார். சிவப்பு முனையை வண்டியின் சேஸிஸ் (இரும்புச் சட்டம்) மேல் வைத்துச் சாவியைத் திருகச் சொன்னார். 0.1 வோல்ட். சரி. சிவப்பு முனையை என்ஜின் பாடிக்கு மாற்றி மறுபடியும் திருகச் சொன்னார். 9 வோல்ட்! நெகட்டிவுக்கும் என்ஜின் பாடிக்கும் நடுவில் ஏறக்குறைய எதுவுமே காட்டக் கூடாது. பேட்டரி கொடுக்கிற 12-ல் 9 வோல்ட் சேஸிஸுக்கும் என்ஜினுக்கும் இடையிலேயே கரைந்து போகிறது. செல்ஃப் மோட்டாருக்கு மிஞ்சுவது மூன்று. அது எப்படிச் சுற்றும்? சொலினாய்டு தன் எர்த்தை, அதாவது நெகட்டிவுக்குத் திரும்பும் வழியை, சேஸிஸிலிருந்து எடுக்கிறது, அங்கே குறை இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சுத்தமாக டக் என்று அடித்தது. நாங்களும் அந்தச் சத்தத்தை நம்பியே ஏமாந்தோம்.

என்ஜினைச் சேஸிஸோடு சேர்க்கிற எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினோம். வயர் நுனி வளையமான லக்குக்கு அடியில் பச்சை பெயின்ட்! ஏலத்துக்கு முன்னால் பளபளவென்று தெரியட்டும் என்று பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்தையும் விடவில்லை. போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஒரு வருடம் கரண்ட் போயிருக்கிறது. சாரல் ஈரத்தில் மரையும் துருப்பிடிக்க, அந்த வழியும் அடைத்துவிட்டது. உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்து, லக்கையும் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். சாவியைத் தொட்டதுமே பிடித்துக்கொண்டது. செலவு உப்புத்தாள் ஒன்று.

இரண்டாவது கோளாறில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சாவி திருகினால் டக் கூட வரவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, பெடலை மிதித்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் விடும். அதற்குப் போகும் வயரை எலி கடித்து வைத்திருந்தது. ஒட்டுப் போட்டுக் குழாய்க்குள் விட்டோம், முடிந்தது. சத்தமே வராவிட்டால் பியூஸ், சாவி சுவிட்ச், பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் என்று சின்ன வயர்களின் பக்கம் தேடுங்கள். டக் என்று அடித்தும் சுற்றவில்லை என்றால் தடித்த கேபிள்களின் பக்கம் தேடுங்கள்.

மூன்றாவது இந்த வருடம் வந்தது. செல்ஃப் அரைச் சுற்று சுற்றும், எதிலோ முட்டிக்கொண்டது போல் நிற்கும். விட்டுவிட்டுத் திருகினால் இன்னொரு அரைச் சுற்று. பார்க்கிற எவரும் பேட்டரி டவுன் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த முறை மீட்டரை எடுத்தேன். எர்த் சரி, கேபிள் சரி, பேட்டரியும் சரி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருகினேன், விர்ரென்று சுற்றுகிறது. பிளக்கை மாட்டினால் மறுபடி முட்டுகிறது. அப்படியானால் கோளாறு கரண்டில் இல்லை, சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற இறுக்கத்தை, அதாவது கம்ப்ரஷனைத் தாண்ட முடியாமல்தான் நிற்கிறது.

எனக்கு அப்போது எங்கள் அப்பாருடைய ஆயில் என்ஜின் ஞாபகம் வந்தது. கிணற்று மேட்டில் நின்று ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வார். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் சேர்த்துத்தான் பிடிப்பார், உதைத்தால் கை பிழைக்க வேண்டுமே. சுற்றுவதற்கு முன்னால் மேலே இருக்கிற சின்ன லீவரைத் தூக்கிவிடுவார். வால்வு கொஞ்சம் திறந்தே இருப்பதால் காற்று அமுங்காது, சக்கரம் லேசாகச் சுற்றும். நல்ல வேகம் வந்த பிறகு லீவரைக் கீழே விடுவார், டப் டப் டப் என்று பிடித்துக்கொள்ளும். இந்த மோவர் என்ஜினிலும் அதே ஏற்பாடு உண்டு. லீவர் கிடையாது, வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம் ஷாஃப்ட்டே மெதுவாகச் சுற்றும்போது வால்வை ஒரு முடி அளவு தூக்கிக் காற்றை வெளியே விடும். வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் உள்ள இடைவெளி தேய்ந்து அதிகமாகிவிட்டால் அந்த முடி அளவு தூக்கல் வால்வுக்குப் போய்ச் சேராது. முழு கம்ப்ரஷனையும் இந்தச் சின்ன செல்ஃப் மோட்டார் ஒண்டியாகத் தள்ள வேண்டியிருக்கும்.

வால்வு மூடியைத் திறந்தேன். பிளக் ஓட்டைக்குள் மெல்லிய மூங்கில் குச்சியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருவதைக் கையால் உணர்ந்தேன். இரண்டு வால்வும் மூடியிருக்கிற உச்சிதான் கம்ப்ரஷன் உச்சி. அதைத் தாண்டி இன்னும் 6 மில்லிமீட்டர் கீழே இறக்கி, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை வைத்தேன். என் என்ஜினின் கையேட்டில் இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.15 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் 0.30 தாராளமாக நுழைந்தது. இரண்டையும் சரிசெய்து மூடினேன். ஒரே திருகு, பழைய பேட்டரியிலேயே ஸ்டார்ட் ஆனது. உங்கள் என்ஜினுக்கு அளவு மாறும், அதன் கையேட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

கோயமுத்தூரிலிருந்து ஒருவர்

அண்ணா, நான் ஒரு கல்லூரி மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வண்டி வேறு விதமாகப் படுத்தியது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் என்ஜின் பிடிக்காது, பிளக்கில் ஸ்பார்க்கே இல்லை. வெளியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக், "காயிலுக்கு கரண்ட் வரலீங்க" என்று சொல்லி, ஸ்பார்க் உண்டாக்குகிற அந்தக் காயிலின் சின்ன வயருக்கு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துவிட்டார். நன்றாக இருந்த காயிலும் எரிந்து போனது.

இந்த வண்டிகளில் இருப்பது மேக்னெட்டோ. ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம் காயிலைக் கடக்கும்போது தானாகவே ஸ்பார்க் உண்டாகும், பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்தச் சின்ன வயர் எர்த்தைத் தொட்டால் என்ஜின் நிற்கும். அதன் வேலையே நிறுத்துவதுதான். எங்கள் வண்டியில் அந்த வயர் சீட்டுக்கு அடியில் உராய்ந்து செப்பு தெரிய, எப்போதும் எர்த் ஆகியே கிடந்தது. ஸ்பார்க் இல்லையென்றால் அந்த வயரை மட்டும் காயில் பக்கத்தில் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஸ்பார்க் திரும்பினால் காயில் நல்லது, கோளாறு வயரிலோ சுவிட்சிலோ இருக்கிறது. ஆனால் அந்த வயர் இல்லாவிட்டால் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காது. சோக்கை இழுத்தோ பெட்ரோலை அடைத்தோதான் நிறுத்த வேண்டும். பார்த்து முடித்ததும் மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

கோபியிலிருந்து ஒரு அம்மா

சீட்டு சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வண்டியில் அந்த சுவிட்ச் அடிக்கடி மக்கர் பண்ணியது. ஓட்டுகிற பையன் வயரை இரண்டாக வெட்டி முறுக்கி விட்டுவிட்டான், வண்டியும் நன்றாக ஓடியது. ஒரு நாள் எங்கள் மாமனார் வரப்போரம் வெட்டிக்கொண்டிருந்தவர், மட்டை ஒன்று குறுக்கே கிடக்க, எடுத்துப்போட எழுந்து இறங்கிவிட்டார். பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேட்டி நுனியை உள்ளே இழுத்துவிட்டது. எழுபது வயதுக்காரர் எப்படி உதறித் தள்ளினாரோ, வேட்டியோடு போயிற்று, காலுக்கு எதுவும் ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாளே புது சுவிட்ச் வாங்கிப் போட்டோம். ஓட்டுகிறவர் எழுந்தால் பிளேடு நிற்பதற்காக வைத்தது அது. அதை வெட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

திருப்பூரிலிருந்து, ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவர்

தோப்புக்கார அண்ணன் எழுதியது அத்தனையும் சரி. மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு வயர் கட்டிக்கொள்ளுங்கள். செப்பு இழை ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிற வயரிலும் மீட்டர் 12 காட்டிவிடும். ஹெட்லைட் பல்பு நாலைந்து ஆம்பியர் இழுக்கும், வயர் உள்ளே அறுந்திருந்தால் மங்கலாகத்தான் எரியும்.

இன்னொன்று. சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்து ஸ்டார்ட் செய்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. அப்படிச் செய்தால் பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எதுவும் செல்ஃபைத் தடுக்காது, கியரில் இருந்தால் வண்டி ஆள் மேலேயே ஏறும். சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும். பேட்டரியைக் கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். முனையில் பூத்த வெள்ளைப் பூவை ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் கழுவி, காய்ந்த பிறகு வாசலின் தடவுங்கள். கலவை செல்லுக்குள் போய்விடக் கூடாது.

அண்ணா, என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்த்தீர்களா? பதிமூன்றரையிலிருந்து பதினாலரைக்குள் இருக்க வேண்டும்.

ஆனைமலை

திருப்பூர்த் தம்பி கேட்ட பிறகுதான் அதை அளக்கணும் என்றே தோன்றியது. இன்றைக்குக் காலையில் வேக லீவரை முழுக்கத் தள்ளி அளந்தேன். 12.3, ஏறவே இல்லை. ஃப்ளைவீலுக்கு அடியிலிருந்து வருகிற சார்ஜிங் வயரைத் தடவிக்கொண்டே போனேன். பிளாஸ்டிக் கனெக்டர் ஒரு பக்கம் உருகி, உள்ளே பின் கருகிக் கிடக்கிறது. புதுக் கனெக்டருக்குப் பொள்ளாச்சிக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். கோபி அம்மா எழுதியதைப் படித்துவிட்டு சீட்டு சுவிட்சையும் சோதித்தேன். பிளேடை ஓடவிட்டு, கால் இரண்டும் மிதிபலகையில் இருக்க, சீட்டிலிருந்து லேசாக எழுந்தேன். என்ஜின் உடனே நின்றது.