காப்பர்கேட் காலுறை: குதிகால் திருப்பம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். வைக்கிங் கால வாழ்க்கையை மீட்டு நடித்துக் காட்டும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். வாள் வீசலாம் என்று போனவனுக்குக் கிடைத்தது காலுறை வேலை! இங்கிலாந்தின் யார்க் நகரில், காப்பர்கேட் அகழாய்வில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுக் கம்பளிக் காலுறையைப் போல ஒன்று செய்ய வேண்டும்.

இது இரண்டு ஊசிகளால் பின்னுவது அல்ல. நால்பைண்டிங் என்னும் ஒற்றை ஊசி முறை. ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் முழுவதையும் இழுத்தெடுக்க வேண்டும் என்பதால் துண்டுத் துண்டான நூலில்தான் வேலை நடக்கும். கை வலிக்கும், ஆனால் ஓரிடத்தில் அறுந்தாலும் மொத்தமும் பிரிந்து வராது.

கால்விரல் நுனியில் தொடங்கிப் பாதம்வரை வந்துவிட்டேன். குதிகாலில் எத்தனை கண்ணிகளை விட்டுத் திரும்புவது? அதை ஒரு படமாக வரைந்து அனுப்பினால்கூடப் போதும்.

இன்னொன்று, நூல் முனைகளை ஈரமாக்கி உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். குழுவில் கொடுத்த நூல் ஒட்டவே மறுக்கிறது. உறையில் 'இயந்திரத்தில் துவைக்கலாம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி இப்படித்தான் அடம்பிடிக்கும். பதப்படுத்தாத, முழுக் கம்பளி நூல் சிறிய அளவில் எங்கே வாங்கலாம்? சாயமேற்றாத பழுப்பு நிறமாக இருந்தால் இன்னும் நல்லது.