ஏற்காடு காபி பற்றி எழுதியதையெல்லாம் வெளிநாட்டுத் தளம் ஒன்று நகலெடுக்கிறது, உதவி தேவை

வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டி. 2016 முதல் வேர்ட்பிரஸில் ஒரு தளம் நடத்துகிறேன். நாகலூர், மஞ்சக்குட்டை என்று தோட்டம் தோட்டமாகப் போய், காபி பழம் பறிப்பது, தோல் நீக்கிக் களத்தில் காய வைப்பது, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவது எல்லாம் எழுதியிருக்கிறேன். மொத்தம் 140 கட்டுரைகள்.

நான்கு மாதமாக ஒரு வெளிநாட்டுத் தளம் இவற்றை வரி மாறாமல் போடுகிறது. பழம் பறிக்கும் அக்காக்கள் என்னை நம்பி எடுக்கவிட்ட படங்களுக்குப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம். அதுதான் தாங்க முடியவில்லை.

புதுக் கட்டுரைகளைத் தானாக வெளியே அனுப்பும் ஆர்எஸ்எஸ் ஃபீடில் (RSS feed) முழுக் கட்டுரைக்குப் பதில் சுருக்கம் மட்டும் போகும்படி மாற்றினேன், நிற்கவில்லை. சர்வர் லாகில் பார்த்து ஐபி முகவரிகளைத் தடுத்தேன். இரண்டே நாளில் வேறு முகவரியில் வந்தார்கள். படங்களை என் சர்வரிலிருந்தே இழுத்தார்கள், அப்படி இழுப்பதைத் தடுக்கும் ஹாட்லிங்க் தடை போட்டதும் இறக்கி வைத்துக்கொண்டார்கள். கூகுளின் பதிப்புரிமை (copyright) புகார் படிவத்தில் 19 இணைப்புகள் கொடுத்தேன். தேடலில் இருந்து நீக்கினார்கள், ஆனால் பக்கங்கள் அந்தத் தளத்தில் அப்படியே இருக்கின்றன. தளப் பெயரைப் பதிவு செய்தவர் யார் என்று காட்டும் ஹூஇஸ் (WHOIS) தேடலில் உரிமையாளர் பெயர் மறைத்திருக்கிறது. அந்தத் தளத்துக்கு சர்வர் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனமோ, டிஎம்சிஏ (DMCA) அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், எங்களுக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மூலப் படங்கள், தேதியுள்ள ஸ்க்ரீன்ஷாட்கள் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படி ஹோஸ்டிங் கைவிட்ட பிறகு, டொமைன் பதிவாளரிடம் (தளப் பெயரைப் பதிவு செய்து கொடுக்கும் நிறுவனம்) புகார் கொடுத்து நகல் தளத்தை முடக்க வைத்தவர்கள் இருந்தால், என்னென்ன ஆவணங்கள் கொடுத்தீர்கள்?