பொம்மை வீட்டுக்கான அம்மியும் துவைக்கும் கல்லும்

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் வாழ்ந்த முற்றம் வைத்த வீட்டை, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், பேத்திக்குப் பொம்மை வீடாகச் செய்து வருகிறேன். மரவேலை எளிதாகவே முடிந்தது. திண்ணையின் கருங்கல் விளிம்பு, வாசற்படி, அம்மி, ஆட்டுக்கல், கொல்லையில் துணி துவைக்கும் கல் ஆகியவைதாம் நெடுநாள் யோசிக்க வைத்தன.

இந்த அளவில் ஒன்றரை அடி அம்மி ஒன்றரை அங்குலமாகிவிடுகிறது. ஆனால் மணல் அப்படிச் சுருங்குவதில்லை. ஒரு மில்லிமீட்டர் மணலைப் பசையில் ஒட்டினால், பொம்மை வீட்டில் அது அரை அங்குல ஜல்லியாகவே தெரியும். தெர்மோகோலை வெட்டினாலும் அதன் மணிகள் வெளியே தெரிகின்றன. ஆகையால் படிகளுக்கும் அம்மிக்கும் காற்றில் உலரும் களிமண்ணையும், சுவரின் அடிப்பகுதிக்கு ஊறவைத்து அரைத்த முட்டை அட்டைக் கூழையும் எடுத்துக்கொண்டேன்.

அந்த வேளையில்தான், எங்கள் தெருவில் இப்போது அரிதாகவே கேட்கும் அம்மி கொத்துபவரின் குரல் கேட்டது. அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, எங்கள் அம்மியைக் கொத்தச் சொல்லிவிட்டு, அவர் உளி போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரங்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று கேட்டபோது, "ஓரத்துல யாரும்மா அரைக்கிறாங்க? குழவி ஓடற எடத்துலதான் அடிக்கணும்" என்றார். கல்லின் தோற்றத்தைப் பற்றி நான் கேட்டவற்றுள் இதைவிடப் பயனுள்ள சொல் வேறில்லை. கல் எங்கே சொரசொரப்பாக இருக்கிறது, எங்கே வழவழப்பாக இருக்கிறது என்பதை அதைப் புழங்கிய கைகளும் கால்களுமே தீர்மானிக்கின்றன. நிறம் அதற்குப் பிறகுதான்.

அதன்படி, அம்மியின் நடுவைச் சற்றே குழிவாக்கி, களிமண் பாதி உலர்ந்திருக்கும்போது தையல் ஊசியின் முனையால் நெருக்கமாகப் புள்ளிகள் குத்தினேன்; மூன்று மில்லிமீட்டர் உளித்தடம் இங்கே கால் மில்லிமீட்டர்தான் என்பதால், அதைவிடப் பருத்த கருவி எதுவும் உதவாது. வாசற்படியில் இதற்கு நேர்மாறாக, ஓரங்களில் உளித்தடத்தை விட்டுவைத்து, கால் படும் நடுப்பகுதியை ஈரவிரலால் தேய்த்துவிட்டேன். வண்ணம் உலர்ந்தபின் அந்த இடத்தில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்தால், ஏறி இறங்கித் தேய்ந்த கருங்கல்லின் மங்கலான பளபளப்பு வந்துவிடுகிறது.

நிறத்துக்கு வெறும் கறுப்பு கூடாது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறமுடையது. 1893இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் சார்னோகைட் என்று பெயரிட்ட பாறை இதுவே. ஆகவே சாம்பலில் ஒரு துளி நீலம் சேர்த்தேன். அடுக்களைக் கடப்பைக் கல்லுக்கு மட்டும் வழவழப்பான அட்டையும் கரும்பூச்சும் போதும்.

கொலுச் செப்புகளில் வரும் மாக்கல் சாமான்களை அப்படியே வைத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மாக்கல் கத்தியால் செதுக்கக்கூடிய அளவுக்கு மெதுவானது. கல்சட்டிக்கு அதுவே மிகப் பொருத்தம். ஆனால் அம்மிக்கு அதன் வெளிர்நிறமும் மாவு போன்ற வழவழப்பும் ஒவ்வா என்பது என் கருத்து.

துவைக்கும் கல்லை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். துணி அடிபடும் சரிவை நன்றாக மழுக்கி, அடியில் சோப்புத் தண்ணீர் காய்ந்த வெண்கோட்டை நீர்த்த வெள்ளை வண்ணத்தால் இட வேண்டும். அருகிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் உயரம் இந்தச் சரிவைப் பொறுத்தே அமையும் என்பதால், தொட்டி வேலையைப் பிறகுதான் தொடங்குவேன்.